பெண்ணையாற்றுக்கு ஒரு மகாசபை

கோலியனூர்ப் பக்கத்துச் சங்கங்களில் மகாசபை கூடும் நாட்களில், வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்ததும் பேச்சு தவறாமல் தண்ணீருக்கே வந்து சேரும். கடன் தவணை ஏன் தவறிற்று என்று கேட்டால், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பார் ஒருவர். வந்த தண்ணீர் பயிரை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் உண்மையே. ஒரே ஆறு ஒரு வருஷம் கொடாமலும், மறு வருஷம் அளவுக்கு மீறிக் கொடுத்தும், ஒரே சங்கத்தின் நிலுவைப் பட்டியலை நீளச் செய்கிறது. ஆகவே பெரிய ஆறுகளை நிர்வகிக்க வெவ்வேறு தேசத்தார் கைக்கொண்ட முறைகள் எவை, அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைச் சங்கத்து அங்கத்தினர் தெரிந்துகொள்வது அனாவசியமான ஆராய்ச்சியன்று.

முதலில் நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கத்தில் உற்பத்தியாகிச் சுமார் 270 மைல் ஓடிக் கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. வழியில் அதற்கு எஜமானர்கள் பலர். பெங்களூர்ப் பட்டணத்துக் கழிவுநீர் அதில் கலந்து, ஓசூருக்கு அருகேயுள்ள கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாய்ப் பொங்குவதைப் பலர் கண்டிருப்பர். அதன்கீழ் கிருஷ்ணகிரி அணை. அதன்கீழ் 1958-ம் வருஷம் கட்டி முடிந்த சாத்தனூர் அணை. இது 119 அடி நீர்மட்டமும், ஏறத்தாழ 732 கோடி கன அடி கொள்ளளவும் உடையது. பிறகு திருக்கோவிலூர் அணைக்கட்டு. ஏனாதிமங்கலத்தருகே எல்லீஸ் அணைக்கட்டு. அதற்கும் கீழே சொர்ணாவூர் அணைக்கட்டு. சொர்ணாவூரிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் ஏரிக்கும் இந்த ஆற்று நீர் போகிறது. ஆக, ஓர் ஆறு, மூன்று அரசாங்கங்கள், எத்தனையோ ஜில்லாக்கள். இத்தனை பேரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசும் சபை மாத்திரம் இல்லாமலே நெடுங்காலம் கழிந்திருக்கிறது.

அதனால் விளைவது என்ன என்பதை 2024 டிசம்பர் மாதம் நாம் கண்டோம். பெஞ்சல் புயலினால் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரிகளும் ஓடைகளும் தளும்பி நிற்கும் அந்த வேளையிலேயே மேல்பிரதேசத்து வெள்ளமும் வந்தது. 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லக்ஷம் கன அடிக்கு மேற்பட்ட நீர் திறக்கப்பட்டது. அணை நிரம்பியபின் வருகிற வெள்ளத்தைத் திறக்காமல் வைத்திருக்க எவராலும் இயலாது. ஆனால் எச்சரிக்கை விஷயத்தில் வாக்குவாதம் பலமாக எழுந்தது. முறைப்படி பல தடவை எச்சரித்தோம் என்றது அரசாங்கம். நள்ளிரவில் விட்ட எச்சரிக்கை எங்கள் காதுக்கு எட்டுமுன் வெள்ளம் எட்டிவிட்டது என்றனர் கரையோரத்தார். சட்டசபையிலும் இதுபற்றிப் பேச்சு நடந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அணையில் நீர்மட்டம் எவ்வளவு ஏறினால் எவ்வளவு திறப்பது, அதை எந்த ஊரில் யாருக்கு எத்தனை மணிக்கு முன்பாகச் சொல்வது என்ற ஏற்பாட்டில், கீழ்மடையில் இருக்கும் குடியானவனின் கையெழுத்து எங்கேயும் இல்லை என்பதே இங்கே கவனிக்கவேண்டியது.

ஓர் ஆற்றுக்கு நீர் வந்து சேரும் பிரதேசம் முழுவதையும் வடிநிலம் என்று சொல்வர். மலையுச்சி முதல் முகத்துவாரம் வரை அதற்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறியாவிடினும், ஒருவர் செய்கை மற்றவரைத் தாக்கியே தீரும். நம் பழைய நாணய சங்கங்களில் வரையறையற்ற பொறுப்பு என்ற ஒரு நிபந்தனை இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கலாம். ஒருவர் கடனைச் செலுத்தத் தவறினால் மற்ற அங்கத்தினர் அனைவரும் அதற்குப் பொறுப்பு. வடிநிலமும் அவ்வாறான ஒரு சங்கமே. இயற்கை அதைப் பதிவு செய்துவிட்டது. அங்கத்தினர் விலகிக்கொள்ளவும் வழியில்லை. உபவிதிகளை மாத்திரம் மனிதர் எழுதவேண்டியிருக்கிறது. அவற்றை எழுதுவதில் தேசத்துக்குத் தேசம் வித்தியாசம் உண்டு.

ஆறு முழுவதையும் ஒரே ஸ்தாபனத்தின் கையில் ஒப்படைத்துவிடுவது ஒரு முறை. அமெரிக்காவில் 1933-ல் டென்னஸி நதிக்கு இவ்விதம் ஓர் அதிகார சபை ஏற்பட்டது. அதைப் பின்பற்றி, 1943-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தால் வங்காளம் பட்ட துன்பத்திற்குப் பிறகு, 1948-ல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. திலையா, கோனார், மைதான், பஞ்சேத் என்ற நான்கு அணைகளை அது கட்டிற்று. வேலை விரைவாக நடந்ததென்பதில் சந்தேகமில்லை. ஆயினும் நாளடைவில் மின்சாரம் விற்பதே அதன் பெருந்தொழில் ஆகிவிட்டது. வெள்ளகாலத்தில் எவ்வளவு நீர் திறப்பது என்ற பழைய சண்டையோ தீரவில்லை. 2024 செப்டம்பரில் மேற்கு வங்காள அரசாங்கம், தன்னைக் கேளாமல் நீர் திறந்துவிட்டதாகக் குற்றம் சாட்டி, அதன் சபையிலிருந்து தன் அதிகாரிகள் விலகுவதாக அறிவித்தது. சாமர்த்தியமுள்ள ஒரே காரியஸ்தரிடம் சங்கத்தை முழுதும் விட்டுவிட்டு மகாசபையைக் கூட்டாத ஊர்களில் நடப்பதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

இரண்டாவது முறை வழக்கு. காவிரி விஷயத்தை நாம் அனைவரும் பத்திரிகையில் படித்திருக்கிறோம். சென்னை, மைசூர் இரண்டுக்கும் 1892-லும் 1924-லும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. பிந்தியதைப் புதுப்பிப்பதில் தகராறு நேர்ந்தது. தஞ்சைப் பக்கத்து விவசாயிகளின் சங்கம் ஒன்று 1983-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தது. அதன்பேரில் 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007-ல் வெளிவந்தது. சுப்ரீம் கோர்ட்டு அதைத் திருத்தித் தீர்ப்பளித்தது 2018-ல். தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி., கர்நாடகத்துக்கு 284.75 டி.எம்.சி., மிகுதி கேரளத்துக்கும் புதுச்சேரிக்கும் என்று பங்கு முடிவாயிற்று. மனுச் செய்தபொழுது பள்ளிக்கூடம் போன பிள்ளைக்குத் தீர்ப்பு வரும்பொழுது பேரன் பிறந்திருக்கலாம்.

இத்தனை காலம் ஆன போதிலும் அந்தத் தீர்ப்பால் உண்டான நன்மையைக் குறைத்துச் சொல்வது சரியன்று. காவிரி நீர் மேலாண்மை ஆணையம் என்று நான்கு அரசாங்கத்தாரும் அமரும் ஒரு சபை 2018 ஜூனில் ஏற்பட்டது. பிலிகுண்டுலுவில் மாதாமாதம் எவ்வளவு வரவேண்டும் என்ற அட்டவணையும், எவ்வளவு வந்தது என்ற கணக்கும் இருக்கின்றன. குறை வேறிடத்தில் உள்ளது. நல்ல மழைக்காலத்தில் பங்கீட்டைப் பற்றிச் சண்டை எழுவதில்லை. மழை பொய்த்த வருஷத்தில் அந்தக் குறைவை விகிதப்படி பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று; குறைவு எவ்வளவு என்பதை எப்படி அளப்பது என்பதில் இரு தரப்பாரும் ஒத்துவரவில்லை. அதனால்தான் 2012-லும், 2016-லும், 2023-லும் கோர்ட்டுப் படியேறுதலும் தெருவில் கலகமும் திரும்பத் திரும்ப நேர்ந்தன. தவணை தவறினால் என்ன செய்வது என்பதைக் கடன் கொடுக்கும் அன்றே பத்திரத்தில் எழுதிவைக்கிறோம். தவறியபிறகு எழுதலாமென்று விட்டால் எந்தச் சங்கம் நிற்கும்?

ஆஸ்திரேலியாவில் மர்ரே நதியின் கதை இவ்விடத்தில் உபயோகமானது. நியூ ஸௌத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா என்ற மூன்று ராஜ்யங்கள் அந்த நதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கடைசியாகச் சொன்னது கடைமடை. கடும் பஞ்சம் நிலவிய 1902 ஏப்ரலில், நதிக்கரையிலுள்ள கொரோவா என்ற சிற்றூரில் ஒரு மகாநாடு கூடிற்று. அதைக் கூட்டியவர்கள் அவ்வட்டாரத்துப் பாசன சங்கத்தார். பிரதம மந்திரியும் ராஜ்யங்களின் முதல் மந்திரிகளும் அவர்கள் அழைப்பை ஏற்று அங்கே வந்தனர். அதிலிருந்து தொடங்கிய பேச்சு 1914-ல் ஒப்பந்தமாயிற்று. பன்னிரண்டு வருஷம் ஆயிற்றென்றாலும் வழக்கைவிடச் சீக்கிரம். அவ்வொப்பந்தத்தின் சாரம் எளியது. மேல்மடை ராஜ்யங்கள் இரண்டும் தமக்குள் சரிபாதி. கடைமடைக்கு ஒரு குறித்த அளவு நிச்சயம். வறட்சி வந்தால் எல்லாருடைய பங்கும் முன்பே எழுதிய விதிப்படி குறையும். அதாவது நஷ்டக் கணக்கை லாபம் இருக்கும்போதே எழுதிவிட்டார்கள்.

எழுதியவர்கள் ஒன்றை மறந்தார்கள். ஆற்றுக்கென்று ஒரு பங்கு வைக்கவில்லை. நீரையெல்லாம் மனிதரே எடுத்துக்கொள்ள, 1991-ல் டார்லிங் என்ற கிளைநதியில் அறுநூறு மைலுக்கு மேல் விஷப்பாசி படர்ந்தது. அதன்பிறகு 1995-ல், இனிமேல் இவ்வளவுக்கு மேல் எவரும் எடுக்கலாகாது என்று வரம்பு கட்டினர். அந்த வரம்பை ஒவ்வொரு ராஜ்யமும் அனுசரித்ததா என்று வருஷந்தோறும் பரிசோதிக்க, எந்த ராஜ்யத்தையும் சாராத தணிக்கைக் குழு ஒன்றும் ஏற்பட்டது. (தணிக்கை என்றதும் முகம் சுளிக்கும் காரியதரிசிகள் இதைக் கவனிப்பார்களாக.) 2007-ல் தனிச் சட்டமும் 2012-ல் வடிநிலத் திட்டமும் வந்தன. அப்படியும் 2018-ம் வருஷக் கடைசியிலிருந்து மெனின்டீ என்ற இடத்தில் மீன்கள் லக்ஷக்கணக்கில் செத்து மிதந்தன. ஆகவே அங்கும் எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆனாலும் எங்கே எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறதென்பதை ஒரே புத்தகத்தில் பதியும் வழக்கம் அவர்களிடம் இருப்பதால், சண்டை தீர்வைப் பற்றியதாக இருக்கிறது. எண்ணைப் பற்றியதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை.

மேகாங் நதியின் சபையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் நான்கும் 1995-ல் அதை ஏற்படுத்தின. அணை கட்டுமுன் மற்றவர்களைக் கலக்கவேண்டும் என்பது விதி. மற்றவர்கள் வேண்டாமென்றால் நிறுத்தவேண்டும் என்பது விதியன்று. கம்போடியாவும் வியட்நாமும் கவலை தெரிவித்தும் லாவோஸில் ஸயாபுரி அணை எழும்பி 2019-ல் வேலை செய்யத் தொடங்கிற்று. தலைமடையிலுள்ள சீனாவோ அங்கத்தினரே அன்று. எனினும் வெள்ளகாலத்து நீர்மட்டத்தை 2002 முதலும், வருஷம் முழுவதற்குமான அளவை 2020 முதலும் சீனா தெரிவித்து வருகிறது. சண்டையிருந்தும் அளவை மறைக்காமல் சொல்வது சாத்தியமென்பதற்கு இது சாட்சி.

எனக்கு எல்லாவற்றிலும் ஆச்சரியம் தருவது ஐரோப்பாவின் ரைன் நதி. சுவிட்ஸர்லாந்தில் பிறந்து, பிரான்ஸ், ஜெர்மனி வழியாக ஹாலந்தில் கடலில் சேர்கிறது. அந்நாட்டாரில் பிரான்ஸ்காரரும் ஜெர்மானியரும் இரண்டு மகாயுத்தங்களில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டவர்கள். யுத்தம் முடிந்து ஐந்தே வருஷத்தில், 1950-ல், லக்ஸம்பர்க்கையும் சேர்த்து ஐந்து தேசத்தாரும் நதியின் அசுத்தத்தை ஆராய ஒரு கமிஷன் அமைத்தனர். ஆரம்பத்தில் அது அளந்து பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பல வருஷங்கள் அளந்தபிறகு, இன்ன இடத்திலிருந்து இவ்வளவு உப்பு நதியில் விழுகிறது என்பதை மறுக்க எவராலும் முடியாமற்போயிற்று. பிரான்ஸில் அல்ஸாஸ் பிரதேசத்துப் பொட்டாஷ் சுரங்கங்களின் உப்புக் கழிவு ஹாலந்துத் தோட்டக்காரர்களின் பயிரைக் கெடுத்தது. தோட்டக்காரர்கள் கோர்ட்டுக்கும் போனார்கள். அது ஒருபுறம் நடக்க, 1976-ல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. உப்பைக் குறைக்கும் செலவில் பிரான்ஸ் நூற்றுக்கு 30, ஜெர்மனி 30, சுவிட்ஸர்லாந்து 6, ஹாலந்து 34 கொடுப்பதென்று தீர்மானம்.

இதைப் படிப்பவர் திகைக்கலாம். கெடுத்தவன் பிரான்ஸ்காரன், கெட்டவன் ஹாலந்துக்காரன், பெரும்பங்கு கொடுப்பவனும் ஹாலந்துக்காரனா? நியாயத்தின்படி பார்த்தால் இது தகாது. ஆனால் ஹாலந்துக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். நியாயம் கிடைக்கும்வரை உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டிருப்பதைவிட, மேல்மடையான் உப்பை நிறுத்துவதற்கு உதவிப் பணம் கொடுப்பது லாபம் என்று கண்டார்கள். அப்படியும் பிரான்ஸ் பார்லிமெண்டு அதை அங்கீகரித்து அமலுக்கு வர 1985 ஆயிற்று. மற்றொரு விஷயமும் உண்டு. அந்தக் கமிஷனின் காரியாலயத் தலைவர் பதவியில் நெடுங்காலம் ஹாலந்து நாட்டவரே இருந்து வந்தனர். கடைமடையில் இருப்பவனுக்கே ஆற்றின்மேல் அதிக அக்கறை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் ஊர் வாய்க்கால்களில் நீர்க்கட்டியைத் தலைமடைக்காரர் நியமிக்கும் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1986 நவம்பர் 1-ந் தேதி பாஸல் நகரருகே ஒரு ரசாயனக் கிடங்கில் தீப்பற்றி, தீயணைத்த நீரோடு பூச்சிமருந்து நதியில் கலந்தது. மீன்கள் பெருவாரியாக மடிந்தன. சபை முன்பே இருந்ததால் அடுத்த வருஷமே எல்லாரும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தனர். மேலே விபத்து நேர்ந்தால் கீழுள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் உடனே செய்தி போகும் ஏற்பாட்டைப் பலப்படுத்தினர். மறைந்துபோயிருந்த ஸால்மன் மீன் 1990-க்குப் பின் மறுபடியும் நதியில் ஏறி வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1956-ல் இந்தியப் பார்லிமெண்டு நதிகளைப் பற்றி இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று நதி வாரியச் சட்டம். பல ராஜ்யங்களில் ஓடும் நதிக்குக் கூட்டுச் சபை அமைப்பதற்கானது. மற்றொன்று நதிநீர்த் தகராறுச் சட்டம். சண்டை வந்தால் நடுவர் மன்றம் அமைப்பதற்கானது. இரண்டாவதன் கீழ் மன்றங்கள் பல அமைந்தன. முதலாவதன் கீழ் ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. சேர்ந்து உட்காரும் சட்டம் அலமாரியில் தூங்க, சண்டையிடும் சட்டம் ஓயாமல் உழைத்தது. பெண்ணையாறும் அவ்வழியே சென்றது. அதன் துணைநதியான மார்க்கண்டேயாவில் கர்நாடகம் யார்கோல் அருகே அணை கட்டியதை எதிர்த்து, 1892-ம் வருஷ ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டித் தமிழ்நாடு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கிட்டது. நடுவர் மன்றம் கோருவதே முறை என்று 2019 நவம்பரில் கோர்ட்டு சொல்லிற்று. மன்றம் தேவைதான். ஆனால் மன்றம் பங்கைத்தான் பிரிக்கும். நள்ளிரவில் வெள்ளம் வருகிறதென்று கோலியனூருக்கு ஆள் அனுப்புவதும், கெலவரப்பள்ளி நுரைக்குக் காரணமானவரோடு உட்கார்ந்து பேசுவதும் அதன் வேலையல்ல.

சபை அமைப்பது அரசாங்கங்களின் காரியம். நாம் என்ன செய்யக்கூடும் என்று கேட்கலாம். கொரோவா மகாநாட்டைக் கூட்டியவர்கள் நம்மைப் போன்றவர்களே. காவிரியிலும் 2003-ல் இரு ராஜ்யத்து விவசாயிகள் காவிரிக் குடும்பம் என்ற பெயரில் கூடி, ஒருவர் ஊர் வயலை மற்றவர் போய்ப் பார்த்தனர். அவர்கள் பேச்சு ஒப்பந்தமாகப் பழுக்கவில்லையாயினும், எதிரியும் கடன்பட்ட குடியானவன்தான் என்பதை இரு தரப்பாரும் கண்ணால் கண்டனர். உத்தரமேரூர்க் கல்வெட்டில் சோழர் காலத்து ஏரி வாரியம் இருந்ததை அறிவோம். 2000-ம் வருஷத்துப் பாசன அமைப்பு விவசாயிகள் நிர்வாகச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்க இடமுண்டு. இவற்றையெல்லாம் ஓர் ஏரிக்கு, ஒரு வாய்க்காலுக்கு என்று நிறுத்திக்கொண்டோமே தவிர, ஒரு வாய்க்கால் சங்கத்தார் அடுத்த வாய்க்கால் சங்கத்தாரிடம் கணக்கைக் காட்டும் வழக்கம் உண்டாகவில்லை.

அதைத் தொடங்குவதற்கு எவர் உத்தரவும் வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் அணைக்கட்டு சிதைந்தபோது, எந்த வாய்க்காலுக்கு அதற்கு முந்திய வருஷங்களில் எத்தனை நாள், எத்தனை அடி நீர் வந்தது என்று கேட்டால், ஆயக்கட்டுதாரர் கையில் எழுத்தாக ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு எண் வாய்ச்சொல்லாக இருந்தது. கோலியனூரான் வாய்க்காலைச் சேர்ந்த சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு நீர்க்கணக்குப் புத்தகம் வைக்கலாம். வாய்க்கால் தலைப்பிலும், கடைசி ஏரியின் கலிங்கலிலும் அடிக்கோல் நட்டு, தேதி, மணி, நீரின் உயரம், நிறம் தெளிவா கலங்கலா, வெள்ள எச்சரிக்கை வந்ததா, வந்தால் எத்தனை மணிக்கு, யார் மூலமாக என்று வரிசையாகக் குறிக்கலாம். ஒவ்வொரு வரிக்கும் தலைமடை ஊரார் ஒருவரும் கடைமடை ஊரார் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். ஒருவர் கையெழுத்து மாத்திரம் இருந்தால் மற்றவர் நம்பமாட்டார். வருஷத்துக்கு ஒரு முறை, அறுவடை முடிந்த மாசி மாதத்தில், திருக்கோவிலூர்ப் பக்கத்தாரையும் பாகூர்ப் பக்கத்தாரையும் அழைத்து, மூன்று இடத்துப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். எண்கள் ஒத்துவராத இடங்களில்தான் பேச்சைத் தொடங்கவேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே முதல் பக்கத்தைத் தொடங்கிவிடுவது நல்லது. புத்தகத்துக்கும் அடிக்கோலுக்கும் ஆகும் செலவைப் பொது நன்மை நிதியில் எழுதத் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். தணிக்கையில் நான் ஆட்சேபணை எழுதமாட்டேன்.